மேட்டுக் குடியிருப்புக்குக் கிடைத்த சிறு நிதி

நிதி கிடைத்த சங்கங்களின் பட்டியலைப் பிரதேச செயலகத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்று கமநல சேவை நிலையத்தில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். யார் யாருக்குக் கிடைத்தது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் பெயரை என் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று ஆசை. நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனேன். அவர் வாசல் கேற்றடியில் நிற்க, நான் மட்டும் உள்ளே போனேன்.

முதல் தடவை வாசித்தபோது அவசரத்தில் எங்கள் சங்கத்தைத் தவறவிட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் தடவை விரலை வைத்து வாசித்தேன். எங்கள் பெயர் இல்லை. மேட்டுக் குடியிருப்பு மாதர் சங்கத்தின் பெயர் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் நான் நகர்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் நகராமல் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் கணவர், "என்னவாம், கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார்.

"இன்னும் ஒட்டேல்லை," என்றேன்.

அவர் நம்பினார். நல்ல சேலையோடு நான் மறுபடியும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

எங்கள் ஊர் குளத்துக்குக் கீழே இருக்கிறது. பேரன் பேத்தி காலம்வரை போதும் என்று நினைத்து யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் காடு வெட்டித் திருத்திய வயல்கள் அவை. குளத்துக்கு மேலே, ஓடை வருகிற பக்கத்தில், காட்டை ஒட்டிக் கொஞ்சம் உயர்ந்த செம்மண் நிலம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரக் காலங்களில் வந்து சேர்ந்தவர்களின் குடியிருப்பு அங்கே. அவர்களுக்கு வயல் கிடையாது. மழையை நம்பி உழுந்தும் கச்சான் கடலையும் போடுவார்கள். எங்கள் வயல்களுக்குக் கூலிக்கு வருவார்கள். போர்க்காலத்தில் எல்லாரும் ஒன்றாகத்தான் ஓடினோம். முகாமில் ஒரே தண்ணீர் பவுசருக்கு ஒரே வரிசையில் நின்றோம். திரும்பி வந்தபோது அவர்கள் மேட்டுக்கும் நாங்கள் வயலுக்குமாக, யாரும் சொல்லாமலே பழையபடி பிரிந்துகொண்டோம்.

குளம் வருசா வருசம் தூர்ந்துகொண்டு வந்தது. மாரி மழைக்கு ஓடை, பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து குளத்தில் கொட்டும். முன்பெல்லாம் கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்கும் தண்ணீர் விட்ட குளம், பங்குனியிலேயே மாடு நடந்து போகிற தரையாக மாறியது. அந்த நேரத்தில்தான் சின்னக் குளங்களின் மேற்பகுதியை ஊர்ச் சங்கங்களே பாதுகாப்பதற்குச் சிறு நிதி கொடுக்கிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. மண் அரிப்பைத் தடுக்கலாம், மரம் நடலாம், ஓடையைச் சீர்செய்யலாம். ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும்.

எழுத்து என்றால் எங்கள் ஊரில் நான்தான். உயர்தரம்வரை படித்தவள், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். வீட்டுத்திட்டத்துக்கும், காணி அனுமதிப்பத்திரத்துக்கும், காணாமல் போனவர்களைத் தேடும் கடிதத்துக்கும் ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். இந்த விண்ணப்பத்தைக் கிளிநொச்சியில் ஒரு கடையில் தட்டச்சுச் செய்வித்தேன். நிலைபேறான, வலுவூட்டல், பங்கேற்பு என்று எல்லாச் சொற்களையும் போட்டேன். நிறப் படங்கள் வைத்து, பிளாஸ்ரிக் அட்டை போட்டுக் கட்டினேன். வரும் வழியில் பஸ்ஸில் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது.

மேட்டுச் சங்கத்தின் தலைவி என் வயதுக்காரி. எட்டாம் வகுப்புவரை என் பக்கத்து மேசையில் இருந்து படித்தவள். பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுக் களை எடுக்கப் போனாள். எங்கள் வயலிலும் எடுத்திருக்கிறாள். ஒரே வயது என்றாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் ஒருநாளும் அதைத் திருத்தவில்லை. தன் ஆட்களோடு மலைநாட்டுப் பேச்சும் எங்களோடு எங்கள் பேச்சும் பேசுவாள்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்னர் அவள் என் வீட்டுக்குச் சைக்கிளில் வந்தாள். ஒற்றை றூல் கொப்பித் தாள்களில் எழுதிய விண்ணப்பம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். பிழை பார்த்துத் தரச் சொன்னாள். எங்கள் சங்கமும் அதே நிதிக்குப் போட்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கதிரையைக் காட்டி, "இரும்," என்றுவிட்டு வாசித்தேன்.

ணகர னகரப் பிழைகள் நிறைய இருந்தன. சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஆனால் வாசிக்க வாசிக்க எனக்குள் ஒரு கலக்கம் ஏறியது. எந்த எந்த இடத்தில் ஓடைக்கரை இடிந்திருக்கிறது, எந்த இடத்தில் மாடுகள் இறங்குகின்றன, எங்கே கல் கிடக்கிறது, எங்கே கிடையாது என்று அவர்கள் நடந்து பார்த்து எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு வரி இருந்தது: "ஓடுற தண்ணியை நடக்க வைச்சால் மண் நிக்கும். எங்கட அப்பா ஆக்கள் தேயிலைத் தோட்டத்தில கான் வெட்டினது இதுக்குத்தான்." சரிவுக்குக் குறுக்கே கான் என்கிற சிறு வாய்க்கால் வெட்டி, மண்ணைப் பிடித்து நிறுத்துவது அவர்களின் தகப்பன்மார் தோட்டத்தில் செய்த வேலை. வயல்காரர்களான எங்களுக்கு நிலம் சரிவாக இருக்கிறது என்பதே தோன்றியதில்லை. அந்த வரி பேச்சுத் தமிழில் இருக்கிறது, இதை வெட்டிவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். அது பிழை என்பதற்காக யோசிக்கவில்லை, நன்றாக இருந்தது என்பதற்காகத்தான் யோசித்தேன். என் முப்பது பக்கத்திலும் அப்படி ஒரு வரி இல்லை.

கடைசியில் அவளுடைய தாள்களில் ஓடையின் வரைபடம் இல்லை என்பதைக் கண்டேன். வரைபடம் இல்லாத விண்ணப்பம் ஏற்கப்படமாட்டாது என்று அறிவுறுத்தல் தாளில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தேன்.

"வேற ஏதும் குறையோ அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை, இது காணும்," என்றேன்.

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் சிவப்புப் பேனையை மூடி வைத்தேன். கூப்பிட்டிருக்கலாம். படலை திறந்து மூடிய சத்தம் கேட்கும்வரை நேரம் இருந்தது.

இருந்தும் அவளுக்குத்தான் கிடைத்தது. விண்ணப்பத்தை வாங்கிய அலுவலர் படம் இல்லை என்று திருப்பிக் கொடுக்க, அவள் அந்த அலுவலகத்து மர வாங்கிலேயே இருந்து, அங்கேயே ஒரு தாளும் பென்சிலும் கேட்டு வாங்கி, ஓடை முழுவதையும் வரைந்து கொடுத்துவிட்டு வந்தாளாம். கமநல சேவை நிலையத்துப் பிள்ளை பின்னர் இதை என்னிடம் ரசித்துச் சொன்னாள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

கணவரிடம் இரண்டு நாளுக்கு மேல் மறைக்க முடியவில்லை. அவர் பெரிதாக எடுக்கவில்லை. "அவைக்குக் கிடைச்சா என்ன, தண்ணி எங்கட குளத்துக்குத்தானே வருது," என்றார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் பொறாமைப்படுகிற ஆளுக்கு நிற்க இடமில்லாமல் போய்விடுகிறது.

அடுத்த வாரமே அவள் மறுபடியும் வந்தாள். ஓடையின் கீழ்ப்பக்கத்தில் இருக்கிற சங்கம், வேலைக்குத் தங்களுக்கு மறுப்பு இல்லை என்று ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமாம். அது வந்தால்தான் வேலை தொடங்கலாம். கீழ்ப்பக்கச் சங்கம் நாங்கள். சங்கத்தின் முத்திரை என் அலுமாரியில் இருந்தது.

"தலைவர் ஊரில இல்லை. வந்தாப்பிறகு வாரும்," என்றேன்.

தலைவர் அந்த நேரம் கூப்பிடுதூரத்தில் தன் வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். அவள் வந்த பாதையும் அந்த வயல் ஓரத்தால்தான் வருகிறது. அவள் அவரைக் கண்டிருப்பாள். தலையாட்டிவிட்டுப் போனாள். ஐந்து நாள் கழித்து வந்தபோது கூட்டம் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றேன். அதற்கு அடுத்த முறை, கூட்டத்துக்கு ஆட்கள் வரவில்லை என்றேன். ஒவ்வொரு முறையும் அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு சைக்கிளைத் திருப்புவாள். மாரி மழை விழுந்துவிட்டால் மண்வேலை செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். எனக்கு அந்த மழை வேண்டியிருந்தது. எங்கள் குளத்துக்கு வேண்டிய மழையை, அவளின் வேலை கெடுவதற்காக நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

புரட்டாதிக் கடைசியில் நிதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் வந்தார். மேட்டுக் குடியிருப்பின் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். எங்கள் சங்கத்தையும் அழைத்திருந்தார்கள். தலைவரும் நானும் முன்வரிசையில் இருந்தோம். அலுவலர் எழுந்து, இந்த விண்ணப்பத்தில் தனக்குப் பிடித்த ஒரு வரி இருக்கிறது என்று சொல்லி, ஓடுகிற தண்ணீரை நடக்க வைக்கிற அந்த வரியை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். ஆட்கள் கை தட்டினார்கள். எங்கள் தலைவரும் தட்டினார். நானும் தட்டினேன்.

பிறகு அவர் கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார், கீழ்ப்பக்கச் சங்கத்தின் கடிதம் இன்னும் வரவில்லையே, என்ன தாமதம் என்று.

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அப்படி ஒரு கடிதம் இருப்பதே தெரியாது. மண்டபத்தில் இருந்த மேட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அவள் எத்தனை முறை சைக்கிள் மிதித்தாள் என்பது தெரியும். ஒருத்தி வாய் திறந்தாலே போதும்.

அவள் எழுந்தாள்.

"அக்கா எழுதி வைச்சிட்டா. நான்தான் இன்னும் எடுக்கப் போகேல்லை. வேலை கூடிப்போச்சு," என்றாள்.

அலுவலர் கெதியாக எடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போனார். நான் வீட்டுக்கு வந்து, சேலை மாற்றாமலே கடிதத்தை எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, அன்று பின்னேரமே கணவரிடம் கொடுத்தனுப்பினேன். நேரில் போக முகம் இல்லை. நன்றி என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். இருந்தது பொறாமைதான், முன்னையைவிட அதிகமாக. எழுத்தில் முந்திவிட்டாள், இப்போது குணத்திலும் முந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

வேலை தொடங்கியது. ஓடையின் இடிந்த இடங்களில் கல் அடுக்கித் தடுப்புக் கட்டினார்கள். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, கரையில் வெட்டிவேர்ப் புல் நட்டார்கள். குளத்தின் அலைகரைக்கு மேலே மருதங்கன்றுகள் வைத்தார்கள். எங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் சிரமதானத்துக்குப் போனார்கள். என் கணவரும் போனார். வந்து, அங்கே சுட்ட ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் பற்றிச் சொன்னார். கயிற்றில் மட்டம் பார்த்து அவள் கான் கோடு போடுகிற விதத்தைச் சொன்னார். ஒரு வாரம் எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. நான் கறியில் உப்புக் கூட்டிப் போட்டுவிட்டு, அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் முதல் பெருமழை வந்தது. அடுத்த நாள் காலை பால் கொண்டுவந்தவர், மேட்டில் ஒரு கல்தடுப்பு உடைந்துவிட்டதாம் என்றார். அதைக் கேட்டதும் என் உடம்பில் பரவிய மகிழ்ச்சியை நான் இங்கே ஒளிக்கப்போவதில்லை. குடையை எடுத்துக்கொண்டு குளக்கட்டில் ஏறி நடந்தேன். உடைந்ததைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே எண்ணம்.

அவள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். கூட இன்னும் நாலைந்து பெண்கள். தண்ணீர் ஒரு பக்கத்தால் கரையை அரித்துக்கொண்டு போனது. அவர்கள் கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி அந்த உடைப்பு வாயை அடைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஓர் ஆள் குறைவு. நடுவில் நின்றவள் ஒவ்வொரு கல்லோடும் இரண்டு எட்டு நடந்து போய்த் திரும்ப வேண்டியிருந்தது. என்னைக் கண்டதும் தலைவி, "அக்கா, அதில நில்லுங்கோ," என்று அந்த இடைவெளியைக் காட்டினாள். கேட்கிற மாதிரியும் இல்லை, ஏவுகிற மாதிரியும் இல்லை. நான் குடையைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

மத்தியானம்வரை கல் கைமாற்றினோம். சேலை இடுப்புவரை சேறு. நகம் ஒன்று பிய்ந்துவிட்டது. வாய் அடைபட்டதும் ஓடை சட்டென்று அமைதியானது. மேலே தங்கிய தண்ணீர் பரந்து, மெதுவாகக் கல்லிடுக்குகளால் கசிந்து இறங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் உண்மையாகவே நடந்துதான் போனது. அதையும் அவளே முதலில் எழுதியிருக்கிறாள் என்ற எண்ணம் உடனேயே வந்துவிட்டது.

அந்த மாரிக் காலபோகத்தில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. செம்மண்ணில் பாதி மேலேயே தங்கிவிட்டது. பங்குனி கழிந்தும் துருசு மதகைத் திறந்து தண்ணீர் விட்டோம். கடைசி வாய்க்காலில் இருக்கிற எங்கள் வயலில் பல வருசத்துக்குப் பிறகு சிறுபோகம் விதைத்தோம். நெல்லை மூட்டை கட்டும்போது கணவர் நிமிர்ந்து மேட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

அடுத்த வருசம் மறுபடியும் நிதிக்கு விண்ணப்பம் கேட்டார்கள். இம்முறை தட்டச்சுக் கடைக்குப் போகவில்லை. கையால் எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு முதல் தடவையாக அவள் வீட்டுக்குப் போனேன். குசினிக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய், இருக்கப் பலகைக்கட்டை ஒன்றைப் போட்டு, பால் விடாத பிளேன்ரீ ஊற்றித் தந்தாள். தாள்களை அடுப்பு வெளிச்சத்தில் பிடித்து, உதட்டை அசைத்து நிதானமாக வாசித்தாள். தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்பதை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை என்றாள். பார்த்தேன். உண்மைதான். குளத்திலிருந்துதான் என் விண்ணப்பம் தொடங்கியிருந்தது.

பிளேன்ரீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். அந்த முறை உம்முடைய தாளில் படம் இல்லை என்பதை நான் கண்டேன், கண்டும் சொல்லவில்லை என்றேன்.

"தெரியும் அக்கா," என்றாள். "அந்தத் தாளை இரண்டு தரம் புரட்டினீங்கள். பிறகு என்ர முகத்தைப் பாக்காமல் கதைச்சீங்கள்."

"பிறகேன் கூட்டத்தில அப்படிச் சொன்னனீர்?"

அவள் அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

"எனக்குக் கடிதம் வேணும். அந்தச் சபையில உங்களை வெக்கப்படுத்தியிருந்தால் நீங்கள் தந்திருப்பீங்களோ? கோவம் இருந்தது. மழைக்கு முந்திக் கோவப்பட நேரம் இருக்கேல்லை."

இத்தனை மாதமும் அதை அவளின் நல்ல குணம் என்று நினைத்து நான் புழுங்கிக்கொண்டிருந்தேன். அது கெட்டித்தனம் என்று இப்போது தெரிந்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. எனக்கு அந்தக் கெட்டித்தனமும் இல்லையே என்று இருந்தது. ஆனால் அன்று அவள் கோபம் இருந்தது என்று சொன்னபோதுதான் முதல் தடவையாக நாங்கள் இருவரும் ஒரே உயரத்தில் இருந்து கதைத்தோம் என்று நினைக்கிறேன். "இனி அக்கா எண்டு சொல்லவேண்டாம், எங்களுக்கு ஒரே வயது," என்றேன். அவள் சிரித்துவிட்டு, வாயில் வந்துவிட்டது, இனி மாறாது என்றாள்.

இரண்டு சங்கமும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் போட்டோம். அவள் நடந்து பார்த்துச் சொன்னாள், நான் எழுதினேன். படம் அவள் வரைந்தாள். பிழை நான் பார்த்தேன். கிடைத்தது. கூட்டுக் குழுவுக்கு அவளைத் தலைவியாகவும் என்னைச் செயலாளராகவும் தெரிவு செய்தார்கள். கை உயர்த்தியவர்களில் என் கணவரும் இருந்தார்.

போன மாதம் உருத்திரபுரத்திலிருந்து ஒரு சங்கத்தார் எங்கள் ஓடையைப் பார்க்க வந்தார்கள். எங்களுடையதைவிடப் பெரிய குளத்துத் தண்ணீர் பாய்கிற ஊர் அது. அங்கிருந்து எங்களிடம் படிக்க வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் முன்னால் நடந்து ஒவ்வொரு தடுப்பையும் காட்டினாள். நான் பின்னால் கடைசி ஆட்களோடு நடந்தேன். மருதங்கன்றுகள் தோள் உயரம் வந்துவிட்டன. வந்தவர்களில் ஒரு அம்மா என்னிடம், "இந்த யோசினை ஆருடையது பிள்ளை?" என்று கேட்டார்.

எங்கட என்று சொல்ல வாய் உன்னியது. அதில் பொய்யும் இல்லை.

"அந்தா முன்னுக்குப் போறா, அவான்ர," என்றேன்.

அந்த அம்மா உடனே என்னை விட்டுவிட்டு, முன்னால் போகிறவளைப் பிடிக்கக் கெதியாக நடந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.